மே மாத ராத்திரிச் சாப்பாடு: விசில் குக்கரா, ஸ்லோ குக்கரா, ரைஸ் குக்கரா?

எங்கள் சமையலறைக்கு மேற்குப் பார்த்த சுவர். சென்னையில் மே மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் அந்தச் சுவரில் கை வைத்தால் இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி சுடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது ராத்திரியில்தான் கக்குகிறது. ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு வந்து, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு அடுப்பில் சோறு, ஒரு அடுப்பில் குழம்பு, இன்னொன்றில் பொரியல் என்று ஏற்றினால் அரை மணி நேரத்தில் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஃபேன் போடவும் வழியில்லை, தீ ஆடும். அதனால் மூன்று கோடையாக எங்கள் வீட்டில் ஒரே பாத்திரத்தில் முடிகிற ராத்திரிச் சாப்பாடுதான், அதற்கு எந்தப் பாத்திரம் சரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாகிவிட்டது. அடுப்பில் வைக்கிற விசில் குக்கர், கரண்டில் மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிற ஸ்லோ குக்கர், சாதாரண ரைஸ் குக்கர், எலக்ட்ரிக் பிரஷர் குக்கர், தெர்மல் குக்கர் என்று ஐந்தும் இங்கே வந்துவிட்டன. இரண்டு வாங்கினது, ஒன்று தம்பி கொடுத்தது, ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல், விசில் குக்கர் கல்யாணத்துக்கு அம்மா வீட்டிலிருந்து வந்தது.

முதலில் சூடு பற்றி ஒரு விஷயம். இது புரியாமல் எதை வாங்கினாலும் ஏமாற்றம்தான். நீங்கள் எரிக்கிற கேஸும் சரி, செலவழிக்கிற கரண்டும் சரி, கடைசியில் அத்தனையும் சூடாக உங்கள் வீட்டுக்குள்தான் வந்து நிற்கும். "ஸ்லோ குக்கர் சமையலறையைச் சூடாக்காது" என்று எழுதுகிறார்களே, அது பாதி உண்மை. சிறிய கேஸ் பர்னர் முழுத் தீயில் ஏறக்குறைய 1.5 கிலோவாட் சூடு விடும். மூன்று அடுப்பும் எரிகிற நேரத்தைக் கூட்டினால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வரும், அது கிட்டத்தட்ட 3 யூனிட்டுக்குச் சமமான சூடு. 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் 200 வாட் எடுக்கும், லோவில் அதைவிடக் குறைவு. எட்டு மணி நேரத்துக்கு 1 யூனிட், கொஞ்சம் கூடவும் போகலாம். மூன்று அடுப்போடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் ஒரே ஒரு விசில் குக்கரை இருபது நிமிஷம் வைத்து இறக்கினால் அரை யூனிட் அளவு சூடுதான், அதாவது ஸ்லோ குக்கரில் பாதி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வெளியேறும். ஸ்லோ குக்கர் ஓடுவது என்றால் சமையலறையில் கூடுதலாக ஒன்றரை ஆள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சூடு மெதுவாக வருவதால் முகத்தில் அறையாது, அவ்வளவுதான்.

கேஸில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும், பானையிலிருந்து வரும் ஆவி அதற்கு மேலே. சென்னை மாதிரி ஏற்கெனவே புழுங்குகிற ஊரில் இதுதான் ஆளைக் கொல்கிறது. மதுரையில், கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு இந்தப் புழுக்கம் இந்த அளவுக்குத் தெரியாது. எங்களுக்குக் கடற்காற்று மதியமே வந்துவிட்டால் பரவாயில்லை, வராமல் மேற்குக் காற்றே வீசிக்கொண்டிருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கும் அடுப்படிக்குள் நுழைய முடியாது.

ஆக நான் பார்ப்பது மூன்று விஷயம்: மொத்தச் சூடு எவ்வளவு, அந்தச் சூட்டை சமையலறைக்கு வெளியே கொண்டுபோய் வைக்க முடியுமா, நான் எத்தனை நிமிஷம் பக்கத்தில் நிற்க வேண்டும். ருசி நாலாவது இல்லை, அது எல்லாவற்றிலும் கூடவே வருவது. ருசி கெட்டால் மற்ற மூன்றும் எதற்கு?

விசில் குக்கரிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லார் வீட்டிலும் இருப்பது அதுதான். அம்மா ஈரோட்டில் இருக்கிறார். கோடையில் என்ன செய்வது என்று முதல் வருஷம் போனில் புலம்பியபோது, "அரிசிம்பருப்பு வெச்சுட்டுப் போ கண்ணு, அதுக்கு எதுக்கு இத்தனை யோசனை" என்றார். கொங்குப் பக்கத்தில் இது வாரம் இரண்டு நாளாவது வைக்கிற சோறு. ஒரு டம்ளர் பொன்னி அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி ஊறப்போட்டுக்கொள்ள வேண்டும். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, கறிவேப்பிலை, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள் தூளும் கொஞ்சம் சாம்பார்ப் பொடியும் போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூட வேண்டியதுதான். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும் இருந்தால் எங்கள் வீட்டில் வேறு எதுவும் யாரும் கேட்பதில்லை.

இதில் எல்லாரும் செய்கிற ஒரு தவறு, விசிலை எண்ணுவது. ஒவ்வொரு விசிலும் சமையலறைக்குள் போகிற ஆவி. முதல் விசில் வந்துவிட்டால் உள்ளே தேவையான அழுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம், உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்புறம் பெரிய தீயில் வைத்து இன்னும் மூன்று விசில் விட்டாலும், சிம்மில் வைத்து விசிலே வராமல் ஏழெட்டு நிமிஷம் விட்டாலும் பருப்பு ஒரே மாதிரிதான் வேகும். சிம்மில் வைத்தால் கேஸும் மிச்சம், புழுக்கமும் குறைவு, மூடியைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெறித்துத் துடைக்கிற வேலையும் இல்லை. குக்கரைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே குறை, அதை அடுப்பை விட்டு நகர்த்த முடியாது, நானும் அதை விட்டு நகர முடியாது. குழந்தையின் ஹோம்வொர்க்கில் மூழ்கிவிட்டால் சிம்மில் வைத்தது மறந்தே போகும்.

சரி, ஸ்லோ குக்கர். அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஊருக்கு வந்தபோது இங்கேயே ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அவர்கள் வீட்டில் காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் சாப்பாடு தயார், அக்கா, நின்று வேக வேண்டியதில்லை என்றான். அங்கே அது 1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கிற பாத்திரம், ஆரம்பத்தில் பீன்ஸ் வேகவைக்க என்றே வடிவமைத்தது. உள்ளே கனமான பீங்கான் பானை, வெளியே அதைச் சுற்றி ஹீட்டர். லோ, ஹை என்று இரண்டு அளவு இருக்கும். லோ என்றால் குறைந்த சூட்டில் நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன், அப்படி இல்லை. இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான் போய் நிற்கின்றன, அந்தச் சூட்டை எட்ட லோவுக்கு நேரம் அதிகம் ஆகும்.

முதல் நாள் சாம்பார் சாதத்துக்காகத் துவரம்பருப்பு, காய், தக்காளி, கொஞ்சம் புளித்தண்ணீர் எல்லாம் போட்டு ஹையில் வைத்தேன். ஆறு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் மேலே மஞ்சள் தண்ணீர், கத்திரிக்காய் கரைந்து தோல் மட்டும் மிதக்கிறது, அடியில் பருப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, விரலில் எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கிறது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பருப்பு இன்னும் முழிச்சுப் பாக்குதே" என்றார். காரணம் அப்புறம்தான் தெரிந்தது. புளி, தக்காளி போன்ற புளிப்பு இருந்தால் பருப்பு இளகாது. எங்கள் அபார்ட்மெண்டில் வருவது போர் தண்ணீர், அதில் இருக்கிற சுண்ணாம்பும் சேர்ந்து பருப்பை இன்னும் கெட்டிப்படுத்தும். விசில் குக்கரில் 120 டிகிரி இந்த இரண்டையும் அடித்து நொறுக்கிவிடுகிறது, 100ஐயே தொடாத பாத்திரத்தில் அது நடக்காது. கேன் தண்ணீரில், ஊறவைத்த பருப்பை, புளி இல்லாமல் போட்டபோது வெந்தது. ஆனால் அப்புறம் புளியைக் கரைத்து ஊற்றி, தனியாகக் கொதிக்கவிட்டு, தாளித்துக் கொட்டி… ஒரே பாத்திரம் என்ற பேச்சே அங்கே போய்விட்டது.

நம் சமையலுக்கும் ஸ்லோ குக்கருக்கும் நடுவில் இருக்கிற உண்மையான சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். நம் சமையலில் இரண்டு வேலை இருக்கிறது: வதக்குவது ஒன்று, வேகவைப்பது ஒன்று. வெங்காயம் நிறம் மாற வேண்டும், இஞ்சி பூண்டின் பச்சை வாசனை போக வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும். அந்தப் பீங்கான் பானையை அடுப்பில் ஏற்ற முடியாது, விரிசல் விட்டுவிடும். எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டால் எட்டு மணி நேரம் ஆனாலும் வெங்காயத்தில் அந்தப் பச்சை இனிப்பு அப்படியே இருக்கும். ஆவி வெளியே போகாததால் தண்ணீரும் சுண்டாது, குழம்பு என்று வைத்தது ரசம் மாதிரி நிற்கும். அரிசியைப் போட்டால் ஓரம் கூழாகும், நடுவில் கட்டி தட்டும்.

ஆனால் அதே பாத்திரத்தில் ஆட்டுக்கால் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, சுத்தம் செய்த ஆட்டுக்காலை ஒரு கொதி கொதிக்கவிட்டு நுரையை எடுத்துவிட்டு, வதக்கின வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகு, சீரகம், மல்லித்தூளோடு சேர்த்து, மூழ்குகிற அளவு வெந்நீர் ஊற்றி லோவில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் வாசனை. கரண்டியால் ஒரு துண்டை எடுத்தால் எலும்பு கையோடு வருகிறது, சதை கரண்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆறின சாற்றை விரலில் தொட்டால் பசை மாதிரி ஒட்டுகிறது. விசில் குக்கரில் இத்தனை வருஷமாக வைத்த பாயாவில் சதை வேகும், ஆனால் இந்தப் பிசுபிசுப்பு வந்ததில்லை. தசைநாரும் ஜவ்வும் முழுக்க உருகினால்தான் அது வரும், இங்கே அதற்கு மணிக்கணக்கில் நேரம் கிடைக்கிறது. நெஞ்செலும்பு சூப், முற்றின ஆட்டுக்கறித் தண்ணிக் குழம்பு, கொண்டைக்கடலை, நோன்புக் கஞ்சி எல்லாவற்றுக்கும் இது அருமையான பாத்திரம். பட்டை, கிராம்பை மட்டும் வழக்கமாகப் போடுவதில் பாதி போடுங்கள், இத்தனை மணி நேரத்தில் மருந்து வாசனை வந்துவிடும். தேங்காய்ப்பால், தயிர், கொத்தமல்லி எல்லாம் கடைசியில் போட வேண்டும், முதலிலேயே ஊற்றினால் பால் திரிந்துபோகும்.

ராஜ்மா பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து அப்படியே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 டிகிரி மாதிரி அரைகுறைச் சூட்டில் வெந்தால் அதன் வீரியம் பச்சையாக இருந்ததைவிடக் கூடவே ஆகும், நாலைந்து கொட்டை சாப்பிட்டாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் குறைந்தது பத்து நிமிஷம், முடிந்தால் அரை மணி நேரம், தளதளவென்று கொதிக்கவிட்டு அப்புறம் போடுங்கள். விசில் குக்கரில் இந்தப் பயம் இல்லை.

இன்னொன்று கரண்ட். எங்கள் பகுதியில் கோடையில் கரண்ட் போவது சகஜம். வீட்டில் ஆள் இல்லாத மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போய் வந்திருந்தால், கறி எவ்வளவு நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கிற சாப்பாட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். திருகுகிற குமிழ் வைத்த மாடல் என்றால் கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. டிஜிட்டல் மாடல்களில் சில அப்படியே அணைந்து கிடக்கும். அதனால் "போட்டுவிட்டு ஆபீஸ் போவது" என்பதை நான் மே மாதத்தில் செய்வதே இல்லை. ராத்திரி, நாங்கள் வீட்டில் இருக்கும்போதுதான். வெளியே 28, 29 டிகிரிக்கு இறங்கியிருக்கும், ஜன்னல் திறந்திருக்கும், அந்த 200 வாட் பெரிதாகத் தெரியாது.

இதோடு ஒட்டி டைமர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் குக்கர்களில் "ஆறு மணி நேரம் கழித்து ஆரம்பி" என்று ஒரு வசதி இருக்கும். குளிர் நாட்டில் அது நல்ல வசதிதான். இங்கே 35 டிகிரியில் அரிசியும் பருப்பும் ஆறு மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் புளிக்க ஆரம்பித்துவிடும், நுரை கட்டும். ஒரு தடவை செய்து, மூடியைத் திறந்ததுமே வந்த வாசனையில் அத்தனையையும் கொட்டினேன். கோடையில் அந்த பட்டனைத் தொடாதீர்கள்.

இப்போது ரைஸ் குக்கர். யாரும் பெருமையாகப் பேசாத பாத்திரம் இது, எனக்கோ இந்த ஐந்தில் மிகவும் பிடித்தது. ஜப்பானில் 1955ல் தோஷிபா கொண்டுவந்தது, தானாக அணைகிற யோசனை அன்றிலிருந்தே இருக்கிறது. இன்றைய சாதாரண குக்கரில் அதைச் செய்வது அடியில் இருக்கிற ஒரு காந்தம். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சூடு ஏறும், குறிப்பிட்ட சூட்டில் காந்தம் பிடியை விடும், டக்கென்று சுவிட்ச் மேலே வந்துவிடும். நான் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை, எண்ண வேண்டியதும் இல்லை. 1.8 லிட்டர் குக்கர் 700 வாட், அரை மணி நேரம் ஓடினால் 0.35 யூனிட். விசில் குக்கரைவிடக் குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியம், அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். எங்கள் சர்வீஸ் பால்கனியில் வாஷிங் மெஷினுக்கு ஒரு 16 ஆம்பியர் பிளக் இருக்கிறது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மர ஸ்டூலைப் போட்டு, ரைஸ் குக்கரை அதன் மேல் வைத்துவிட்டேன். ஆவி அப்படியே கம்பி வழியாக வெளியே போகிறது, சமையலறையில் ஒரு துளி சூடு இல்லை. இதைச் செய்த அன்றைக்கு ராத்திரி ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தேன், தூரத்தில் அந்த டக் சத்தம் கேட்டது. அந்த ஒரு சத்தத்துக்காகவே நான் இத்தனையும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைச் சாரல் அடிக்கிற இடமாக இருக்கக் கூடாது, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் போடக் கூடாது, இந்த இரண்டிலும் விளையாடாதீர்கள்.

வதக்கல் எங்கே என்று கேட்பீர்கள். அதைக் காலைக்குத் தள்ளிவிட்டேன். காலை ஆறரை மணிக்கு எப்படியும் டிபன் பாக்ஸுக்காக அடுப்பு எரிகிறது, அந்நேரத்துக்கு மேற்குச் சுவரும் ஆறியிருக்கும். அதே வாணலியில் ராத்திரிக்கு வேண்டிய வெங்காயம், தக்காளி, மசாலாவைச் சேர்த்து வதக்கி, ஆறவைத்து ஃபிரிட்ஜில் டப்பாவில் வைத்துவிடுவேன். சாயங்காலம் அந்த டப்பா, ஊறவைத்த அரிசி, காய், தண்ணீர், உப்பு எல்லாம் குக்கருக்குள் போய்விடும். நிற்கிற வேலை காலையில் ஐந்து நிமிஷம், வேகிற வேலை சாயங்காலம் பால்கனியில். தக்காளி சாதம், தேங்காய்ப்பால் சாதம், புதினா சாதம், காய்கறி போட்ட கோதுமை ரவைக் கஞ்சி, பாசிப்பருப்பு வெண்பொங்கல், இத்தனையும் இப்படியே வருகின்றன.

இதிலும் பழகிக்கொள்ள வேண்டியது இருக்கிறது. வதக்கின மசாலாவை முதலில் போட்டு அதன் மேல் அரிசியைக் கொட்டினால், அடியில் மசாலா கெட்டியாகப் படிந்து அங்கே மட்டும் சூடு ஏறி, தண்ணீர் இருக்கும்போதே சுவிட்ச் மேலே வந்துவிடும், அரிசி அரை வேக்காட்டில் நிற்கும், அடியும் பிடித்திருக்கும். முதலில் அரிசியும் தண்ணீரும், மேலே மசாலா, ஒரு கிளறு, நடுவில் ஒரு தடவை மூடியைத் திறந்து இன்னொரு கிளறு. துவரம்பருப்பு இந்த அரை மணி நேரத்தில் வேகாது. பாசிப்பருப்பு போடுங்கள், துவரைதான் வேண்டும் என்றால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், அப்பவும் குழையாது, ஆனால் நன்றாகக் கடிபடும். கஞ்சி வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பினால் பொங்கி ஸ்டூலெல்லாம் வழியும், ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் அடங்கும்.

எலக்ட்ரிக் பிரஷர் குக்கரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்து நாள் வாங்கி வைத்திருந்தேன். நேர்மையாகச் சொன்னால், வேலைத்திறனில் எல்லாவற்றையும்விட இதுதான் மேல். அதே பானையில் வதக்கலாம், மூடலாம், விசில் கிடையாது, சமைக்கும்போது ஆவி கிட்டத்தட்ட வெளியே வராது, துவரம்பருப்பு மாவாகக் குழையும், பால்கனியிலும் வைக்கலாம். அரிசிம்பருப்பு அம்மா வைத்த மாதிரியே வந்தது. சூடு அடுப்புக் குக்கரைவிட நாலைந்து டிகிரி குறைவு, அதனால் நிமிஷத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். 1000 வாட் என்று பார்த்துப் பயப்படாதீர்கள், அழுத்தம் ஏறினதும் விட்டுவிட்டுத்தான் கரண்ட் எடுக்கும், ஒரு சமையலுக்கு அரை யூனிட்டைத் தாண்டுவதில்லை. என்னை நிறுத்தினது விலைதான், நல்லதாக வாங்கினால் ரைஸ் குக்கரைப் போல இரண்டு மூன்று மடங்கு. பழுதானால் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டை மாற்றக் கடை கடையாக அலைய வேண்டும், அக்கா ஒரு தடவை மூன்று வாரம் அலைந்தார். சிலிகான் வளையத்தில் மட்டன் வாசனை ஏறிவிட்டால் மறுநாள் பாயசத்திலும் அது வரும், இரண்டு வளையம் வைத்துக்கொள்வது நல்லது.

தெர்மல் குக்கர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உள்ளே எவர்சில்வர் பானை, வெளியே சூடு போகாத பெட்டி. கேரளாவில் இதை சூடாறாப்பெட்டி என்பார்கள், அங்கே பல வீடுகளில் தினமும் சோறு இதில்தான். அரிசியைத் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, தளதளவென்று பத்து நிமிஷம் கொதித்ததும் பானையோடு பெட்டிக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் மிச்ச வேக்காடு தானாக முடியும். கேஸ் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் எரிகிறது, அப்புறம் கரண்டும் வேண்டாம், தீயும் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலை இல்லை. புழுங்கலரிசிச் சோற்றுக்கும், ஊறவைத்த பச்சைப்பயறுக் கஞ்சிக்கும், சிறுதானியத்துக்கும் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அத்தைக்கு மிகவும் பிடித்தது இதுதான், சோறு விறைக்காமல் மல்லிகை மாதிரி வருகிறது என்பார். பானை முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும், ஒரு ஆளுக்காகக் கால் பானை வைத்தால் சீக்கிரம் ஆறி அரிசி நின்றுவிடும். நடுவில் திறந்து பார்க்கவும் கூடாது. காலையில் வைத்ததை ராத்திரி வரை அதிலேயே விடாதீர்கள், நாலைந்து மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அதற்கு மேல் சூடு அந்த ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். துவரம்பருப்பும் கறியும் இதில் வேண்டாம்.

கரண்ட் பில் பற்றிக் கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016ல் அறிவித்தார்கள். கோடையில் ஏசி ஓடுகிற வீட்டில் அது எந்த மூலைக்கு? பார்க்க வேண்டியது 500 என்ற எண். இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டினால் அந்த மிச்ச யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடும். ரைஸ் குக்கர் தினம் ஒரு வேளை ஓடினால் இரண்டு மாதத்துக்கு 20, 22 யூனிட். ஸ்லோ குக்கர் தினமும் ஓடினால் 60, 70. உங்கள் கணக்கு 480ல் வந்து நிற்கிற வீடு என்றால் இந்த வித்தியாசம் பெரிது. எங்கள் வீடு அப்படித்தான் நிற்கிறது, அதனால் ஸ்லோ குக்கர் வாரத்துக்கு ஒரு ராத்திரி மட்டும்.

என்ன வாங்கலாம் என்று நேராகக் கேட்டால்: வீட்டில் பால்கனியோ, ஜன்னலோரம் ஒரு பிளக்கோ இருந்தால் ரைஸ் குக்கர், யோசிக்கவே வேண்டாம். தினமும் துவரம்பருப்பு குழைந்தே ஆக வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர். கரண்ட் அடிக்கடி போகிற ஊர், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், சோறும் கஞ்சியும்தான் ராத்திரிக்கு என்றால் தெர்மல். ஹாஸ்டலிலோ ஒற்றை அறையிலோ தனியாக இருக்கிற பிள்ளைகளும் சின்ன ரைஸ் குக்கரோடு நிறுத்திக்கொள்ளலாம், முட்டையையும் மேல் தட்டில் வேகவைத்துக்கொள்ளலாம். ஸ்லோ குக்கர் கறி சாப்பிடுகிற வீட்டுக்கு மட்டும், அதுவும் முதல் பாத்திரமாக இல்லை, இரண்டாவதாக. கையில் காசு இல்லை, எதுவும் வாங்க வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. இருக்கிற விசில் குக்கரை முதல் விசிலோடு சிம்மில் போட்டு, வதக்கலைக் காலைக்கு மாற்றினாலே உங்கள் சாயங்காலம் பாதி லேசாகிவிடும்.

அத்தை இதில் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. மே மாதத்தில் ராத்திரிக்கு எதற்கு அடுப்பு என்பது அவர் கட்சி. மதியம் வடித்த சோறு நன்றாக ஆறினதும் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்து, ராத்திரி மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குப் படுத்துவிடுவார். நான் இப்போது பால்கனி ஸ்டூலில் தக்காளி சாதத்தைப் போட்டுவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், டக் சத்தம் இன்னும் வரவில்லை. அவர் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டார்.